அம்மாவுக்கு சி.ஓ.பி.டி, பிளைட்ல மெல்போர்ன் கூட்டிட்டுப் போலாமா?

கேள்வி: டாக்டர், எங்க வீடு சேலம் அம்மாபேட்டை. அம்மாவுக்கு 62 வயசு. முப்பது வருஷமா விறகடுப்புல இட்லிக் கடை நடத்துனாங்க, பீடி சிகரெட் எதுவும் கிடையாது, ஆனாலும் சி.ஓ.பி.டி-ன்னு, மூச்சுக்குழாய் நாள்பட சுருங்கிப்போற நுரையீரல் வியாதின்னு சொல்லிட்டாங்க. ஊதுற டெஸ்ட்ல இருக்க வேண்டிய அளவுல 42 பர்சென்ட்தான். சும்மா உக்காந்திருந்தா ஆக்ஸிமீட்டர்ல 93, 94 காட்டுது, மாடிப்படி ஏறி வந்தா 86க்கு எறங்கிடுது. டிசம்பர்ல சளி முத்திப்போய் அட்மிட் பண்ணி எடுத்தோம். மெல்போர்ன்ல இருக்கற என் தங்கச்சிக்கு ஜூலையில டெலிவரி, அம்மா வந்தே ஆகணும்னு தெனம் போன்ல அழுவுறா. இந்த மே மாசம் கார்ல ஏற்காடு போய் சேர்வராயன் கோயில்ல சாமி கும்பிட்டு வந்தோம், அங்க அம்மாவுக்கு மூச்சே வாங்கல. மலை மேலயே ஒன்னும் ஆகலன்னா பிளைட்லயும் ஆகாதுன்னு நெனைக்கிறோம், சரிதானா? ஏர்லைன்கிட்ட வியாதிய பத்தி வாயவே தொறக்காதீங்க, சொன்னா ஏத்த மாட்டாங்கன்னு மாமா சொல்றாரு, என்ன பண்றது?

பதில்: மொதல்ல உங்க மாமா சொன்னதுக்கு பதில் சொல்லிடறேன்மா, ஏன்னா மத்த எல்லாத்த விடவும் அதுதான் ஆபத்து. தயவு செஞ்சு மறைக்காதீங்க. சொன்னா ஏத்த மாட்டாங்கங்கறது தப்பான பயம். சி.ஓ.பி.டி இருக்கறவங்க நெறைய பேரு ஆக்ஸிஜன் ஏற்பாட்டோட பிளைட்ல போய்ட்டு வந்துட்டுதான் இருக்காங்க, அதுக்குன்னே ஏர்லைன்கள்ல தனி ஃபார்ம் இருக்கு, அத பாக்கறதுக்கு மெடிக்கல் டிபார்ட்மென்ட் இருக்கு. சொல்லாம போறவங்களுக்குத்தான் சிக்கலு. செக்-இன் கவுண்டர்ல மூச்சு எறைக்கறத பாத்துட்டு அங்கயே நிறுத்துவாங்க, இல்லன்னா பாதி வழியில டிரான்சிட்ல எறக்கி விட்டுடுவாங்க. என்கிட்ட பாக்கற ஒரு பெரியவரு அப்படித்தான் சொல்லாம கெளம்பிப் போய் நடுவுல மாட்டிக்கிட்டாரு, மொழி தெரியாத ஊர்ல டாக்டர் லெட்டருக்காக அலைஞ்சு, பையன் இங்கருந்து எனக்கு போன் மேல போன். முன்னாடியே சொல்லியிருந்தா ரெண்டு பக்க ஃபார்மோட முடிஞ்சிருக்க வேண்டிய விஷயம் அது.

இப்ப ஏற்காடு விஷயத்துக்கு வரேன். நீங்க யோசிச்ச வழி தப்பில்ல, உயரத்த வெச்சு யோசிச்சது ரொம்ப சரி, ஆனா கணக்கு பத்தாது. சேலம் கடல் மட்டத்துல இருந்து சுமார் 900 அடி. ஏற்காடு ஊரு கிட்டத்தட்ட 5000 அடி, சேர்வராயன் கோயில் மேடு 5300 சொச்சம். பிளைட்டு 35,000 அடி, 38,000 அடியில பறந்தாலும் உள்ள காத்த அமுக்கி வெச்சிருப்பாங்கன்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா தரையில இருக்கற அளவுக்கு அமுக்கறது கிடையாது, உள்ள இருக்கற அழுத்தம் 8000 அடி மலை உச்சிக்கு சமமா ஆகற வரைக்கும் விதியே அனுமதிக்குது. 8000 அடின்னா ஊட்டி டவுனுக்கு மேல, தொட்டபெட்டாவுக்கு கொஞ்சம் கீழ. போயிங் 787, ஏர்பஸ் ஏ350 மாதிரி புது மாடல்ல 6000 அடி அளவுக்கு வெச்சிருப்பாங்க, அதுல சீட் கெடைச்சா நல்லது, ஆனா கடைசி நேரத்துல பிளைட்ட மாத்திடுவாங்க, அத நம்பி ஏற்பாட்ட விட்டுடக் கூடாது. தரையில நாம இழுக்கற காத்துல ஆக்ஸிஜன் 21 பர்சென்ட். ஏற்காட்டுல அழுத்தம் கொறையறதால அது தரையில 17 பர்சென்ட் காத்த இழுக்கற மாதிரி ஆகிடுது, 8000 அடியில 15 பர்சென்ட் மாதிரி. அந்த ரெண்டு பர்சென்ட் வித்தியாசம் உங்களுக்கும் எனக்கும் ஒன்னும் தெரியாது. உங்கம்மாவுக்கு தெரியும்.

ஏன் தெரியும்னா, ரத்தத்துல ஆக்ஸிஜன் கொறையறது ஒரே சீரா நடக்காது. 100ல இருந்து 93 வரைக்கும் மெதுவா எறங்கும், அதுக்கப்பறம் மளமளன்னு. ஏற்காடு மேல ஏரிப் பக்கம் சமமா இருக்கற ரோடு முடிஞ்சு கொண்டை ஊசி வளைவு ஆரம்பிக்கற எடம் மாதிரி, உங்கம்மா இங்க சேலத்துல சும்மா உக்காந்திருக்கும்போதே அந்த எறக்கத்தோட ஆரம்பத்துல நிக்கறாங்க. காத்து கொஞ்சம் மெலிஞ்சாலும் சர்ருன்னு கீழ வந்துடும்.

அப்பறம் "மூச்சே வாங்கல"ன்னு எழுதியிருக்கீங்க. கோயில்ல ஆக்ஸிமீட்டர் போட்டு பாத்தீங்களான்னு எழுதல. 2021 கொரோனா ரெண்டாவது அலையில நாம எல்லாரும் பாத்தோமே, ஆக்ஸிமீட்டர்ல 80, 82ன்னு இருக்கும், ஆனா பேஷண்ட் செல்போன்ல பேசிட்டு உக்காந்திருப்பாரு. ரத்தத்துல ஆக்ஸிஜன் கொறையறதும் மூச்சு வாங்கறதும் எப்பவும் சேந்தே வர்றதில்ல. அதுலயும் நீங்க வாசல் வரைக்கும் கார்ல போய், கொஞ்ச நேரம் நின்னு கும்பிட்டு, எறங்கி வந்துட்டீங்க. சென்னையில இருந்து சிங்கப்பூர் நாலு மணி நேரத்துக்கு மேல, அங்கருந்து மெல்போர்ன் ஏழு மணி நேரத்துக்கு மேல, நடுவுல டாய்லெட்டுக்கு எந்திரிச்சு நடக்கணும், தூங்கணும், தூக்கத்துல இன்னும் கொறையும். அதனால மறுபடி ஏற்காடு கூட்டிட்டுப் போய் டெஸ்ட் பண்ணிப் பாக்கலாம்னு மட்டும் தோணிட வேணாம், ஏதாவது ஆச்சுன்னா இருபது வளைவு எறங்கி வரணும்.

சரி, கூட்டிட்டுப் போலாமா கூடாதா? கடிதத்த மட்டும் வெச்சு முடிவா சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது. ஆனா இந்த நம்பர பாத்தா எனக்கு தோணறது, போலாம், ஆனா ஆக்ஸிஜனோட. உக்காந்திருக்கும்போது 95க்கு கீழ, நடந்தா நல்லாவே எறங்குதுன்னா மேல போனா 85க்கும் கீழ போக வாய்ப்பு அதிகம், அந்த 85தான் நாங்க பாக்கற கோடு. அந்த ஊதுற டெஸ்ட்ல வந்த 42ங்கற நம்பர பாத்து பயந்திருப்பீங்க, அது வியாதி எவ்வளவு முத்தியிருக்குன்னு சொல்லும், பிளைட்ல ஆக்ஸிஜன் எவ்வளவு எறங்கும்னு அத வெச்சு சொல்லிட முடியாது.

அதனால இந்த வாரமே உங்கம்மாவ வழக்கமா பாக்கற நுரையீரல் டாக்டர்கிட்ட போங்க, வெளிய செலவு கட்டுப்படியாகலன்னா நம்ம சேலம் ஜி.எச்-லயே காட்டுங்க. அங்க கேக்க வேண்டியது என்னன்னா ஆறு நிமிஷ நடை டெஸ்ட், மணிக்கட்டு ரத்தக்குழாய்ல எடுக்கற ஏ.பி.ஜி ரத்த டெஸ்ட், ஒரு எக்ஸ்ரே, முடிஞ்சா இதயத்துக்கு எக்கோ ஸ்கேன். நடை டெஸ்ட்ல 84க்கு கீழ போனா பேச்சே இல்ல, ஆக்ஸிஜன் வேணும். 84க்கு மேலயே நின்னுச்சுன்னா 15 பர்சென்ட் ஆக்ஸிஜன் இருக்கற காத்த இருபது நிமிஷம் இழுக்க வெச்சு பாக்கற டெஸ்ட் ஒன்னு இருக்கு, ஹைப்பாக்ஸிக் சேலஞ்ச்னு பேரு, பெரிய நுரையீரல் சென்டர்ல விசாரிச்சுப் பாருங்க. அது கெடைக்கலன்னா உங்கம்மா மாதிரி நம்பர் இருக்கறவங்களுக்கு நான் ரிஸ்க் எடுக்க மாட்டேன், நிமிஷத்துக்கு 2 லிட்டர்னு எழுதிக் குடுத்துடுவேன்.

ஏ.பி.ஜி எதுக்குன்னா கார்பன் டை ஆக்ஸைடு பாக்க. இத பல குடும்பத்துல புரிஞ்சுக்க மாட்டேங்கறாங்க, அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன். சி.ஓ.பி.டி-ல சிலருக்கு அந்த கெட்ட காத்து வெளிய போகாம உள்ளயே தங்கிடும். அவங்களுக்கு ஆக்ஸிஜன் கொறைவா குடுத்தாலும் ஆபத்து, அளவுக்கு மேல குடுத்தாலும் ஆபத்து, மயக்கம் மாதிரி தூக்கம் வந்து அப்படியே எழுப்ப முடியாம போய்டும். "அம்மாவுக்கு 90தான் இருக்கு, 99 ஆக்கிடலாம்"னு பாசத்துல நாலு லிட்டர், அஞ்சு லிட்டர்னு திருகி விட்டுடுவாங்க. அப்படிப்பட்டவங்களுக்கு 88ல இருந்து 92க்குள்ள நின்னா அதுவே போதும். உங்கம்மா அந்த வகையான்னு ஏ.பி.ஜி சொல்லிடும், அதுக்கேத்த மாதிரி டாக்டர் எழுதற லிட்டர்ல இருந்து நீங்களா ஒரு புள்ளி கூட மாத்தாதீங்க.

எக்ஸ்ரேல நுரையீரல்ல பெரிய காத்துக் குமிழி இருக்கா, நுரையீரல் ஓட்டையாகி நெஞ்சுக்குள்ள காத்து கசிஞ்சிருக்கான்னு பாப்பாங்க. மேல போனா உடம்புக்குள்ள அடைபட்ட காத்து இருக்கறத விட மூணுல ஒரு பங்கு கூடுதலா விரியும், அதனால காத்து கசிஞ்சிருந்தா அது சரியாகற வரைக்கும் பிளைட் கூடவே கூடாது. டிசம்பர் அட்மிஷன பத்தி இப்ப கவலப்பட வேண்டியதில்ல, நாளாச்சு. ஆனா கெளம்பற நேரத்துல சளி மஞ்சளா பச்சையா மாறினா, வீசிங் கூடுனா, டிக்கெட் பணம் போனாலும் பரவால்ல, தள்ளிப் போடுங்க. அதனாலதான் தேதி மாத்தக்கூடிய டிக்கெட்டா எடுங்கன்னு சொல்றேன், கொஞ்சம் கூட ஆனாலும்.

டிக்கெட்ட பத்தி இன்னொன்னு. போட்டுட்டு அப்பறம் கேக்கறது வேணாம். மொதல்ல ஏர்லைனுக்கு போன் பண்ணி, பேஷண்டுக்கு பயணத்துல ஆக்ஸிஜன் வேணும், நீங்களே குடுப்பீங்களா, காசு எவ்வளவு, இல்ல நாங்க மெஷின் கொண்டு வரலாமான்னு கேளுங்க. ஒவ்வொரு ஏர்லைனுக்கும் ஒவ்வொரு பழக்கம். ரெண்டு பிளைட்டும் ஒரே ஏர்லைனா, ஒரே டிக்கெட்டா இருந்தா ஒரே தடவ வேலை முடியும், இல்லன்னா ரெண்டு ஏர்லைன்கிட்டயும் தனித்தனியா அனுமதி வாங்கணும். அவங்க குடுக்கற ஃபார்முக்கு மெடிஃப்னு பேரு, ஒரு பகுதி நீங்க நிரப்பணும், ஒரு பகுதி டாக்டர் நிரப்பி சீல் வெக்கணும். 48 மணி நேரம், 72 மணி நேரம் முன்னாடி குடுத்தா போதும்னு போட்டிருப்பாங்க, நீங்க ரெண்டு மூணு வாரம் முன்னாடியே பேச்ச ஆரம்பிச்சுடுங்க, அவங்க திரும்ப ஏதாவது கேப்பாங்க. அனுமதி வந்த மெயில பிரிண்ட் எடுத்து பாஸ்போர்ட்டோட வைங்க.

"பிளைட்லதான் தலைக்கு மேல மாஸ்க் தொங்குமே, அது போதாதா"ன்னு நெறைய பேரு கேக்கறாங்க. அது பிளைட்டுக்குள்ள அழுத்தம் திடீர்னு போய்ட்டா தானா விழறது, கொஞ்ச நிமிஷம்தான் வரும், பேஷண்டுக்குன்னு யாரும் எறக்கி விட முடியாது. பணிப்பெண்கள்கிட்ட இருக்கற சிலிண்டர் யாருக்காவது திடீர்னு உடம்பு முடியாம போனா குடுக்கறதுக்கு, பதினோரு மணி நேரத்துக்கு அத நம்பிப் போகக் கூடாது. நம்ம வீட்டு சிலிண்டர ஏத்த விட மாட்டாங்க. ஆன்லைன்ல டின்ல அடைச்சு விக்கறாங்களே ஆக்ஸிஜன் ஸ்பிரே, அத பைலயே வெக்காதீங்க, ஏர்போர்ட்ல பிடுங்கிடுவாங்க, பிடுங்கலன்னாலும் உங்கம்மாவுக்கு அதால ஒரு பிரயோஜனமும் இல்ல.

நீங்களே கொண்டு போறதா இருந்தா தோள்ல மாட்டற போர்ட்டபிள் கான்சன்ட்ரேட்டர், அதாவது காத்துல இருந்தே ஆக்ஸிஜன பிரிச்சுக் குடுக்கற சின்ன மெஷின், அதுவும் பிளைட்டுக்கு ஏத்ததுன்னு கம்பெனியே செவப்பு எழுத்துல லேபிள் ஒட்டியிருக்கற மாடல் மட்டும். வீட்ல சக்கரம் வெச்சு உருட்டற அஞ்சு லிட்டர் மெஷின் கூடாது. சென்னை, பெங்களூர்ல வாடகைக்கே கெடைக்கும், ஒரு வாரம் முன்னாடி எடுத்து வீட்லயே அம்மாவுக்கு போட்டு பழக்குங்க. ஏன்னா சின்ன மெஷின்ல பல மாடல் மூக்கால இழுக்கும்போது மட்டும்தான் ஒரு பஃப் விடும், வாயால மூச்சு விட்டு தூங்கறவங்களுக்கு அது சரியா வேலை செய்யாம போகலாம், மெஷின்ல 2ன்னு இருக்கற நம்பரும் டாக்டர் எழுதற 2 லிட்டரும் ஒன்னு கிடையாது. போட்டுக்கிட்டு மாடிப்படி ஏற வெச்சு, தூங்க வெச்சு, ஆக்ஸிமீட்டர்ல பாருங்க, டாக்டர்கிட்டயும் ஒரு தடவ காட்டுங்க.

பேட்டரி கணக்கு முக்கியம். பறக்கற நேரத்தப் போல ஒன்றரை மடங்கு வேணும், உங்க பயணத்துல பறக்கறது பன்னெண்டு மணி நேரம்னு வெச்சா 18 மணி நேரம் வரும், டிரான்சிட்ட தனியா கூட்டிக்கோங்க. சீட்டுக்கு கீழ பிளக் இருக்கும்னு நம்பாதீங்க. எக்ஸ்ட்ரா பேட்டரி எல்லாம் கைப்பையிலதான், பெட்டியில போட்டா எறக்கிடுவாங்க. பேட்டரி மேல போட்டிருக்கற வாட் அவர் (Wh) நம்பர பாருங்க, 100 வரைக்கும் தொந்தரவு இல்ல, 100ல இருந்து 160 வரைக்கும் ஏர்லைன் அனுமதி வேணும், பொதுவா ரெண்டு ஸ்பேர்தான் விடுவாங்க, 160க்கு மேல போனா கிடையாது. ஏர்லைனே ஆக்ஸிஜன் குடுத்தாலும் அது பிளைட்டுக்குள்ள மட்டும்தான், சிங்கப்பூர் ஏர்போர்ட்ல எறங்குன உடனே வாங்கிக்குவாங்க, அந்த நேரத்துக்கு அம்மா ஆக்ஸிஜன் இல்லாம உக்காந்திருக்கலாம், ஆனா நடக்கக் கூடாது.

அதனால வீல்சேர். டிக்கெட் போடும்போதே சொல்லணும், அதுலயும் வகை இருக்கு. தூரம் நடக்க முடியாது ஆனா படி ஏறுவாங்கன்னா டபிள்யூ.சி.எச்.ஆர், படியும் ஏற முடியாதுன்னா டபிள்யூ.சி.எச்.எஸ். உங்கம்மாவுக்கு படி ஏறுனா 86, அதனால ரெண்டாவத கேளுங்க. இல்லன்னா பஸ்ல கொண்டு போய் எறக்கி விட்டு ஏணிப்படி ஏறுங்கம்பாங்க. சென்னைக்கு போக நம்ம காமலாபுரம் ஏர்போர்ட்ல இருந்து பிளைட் இருக்கேன்னு தோணும், என்னைக் கேட்டா வேணாம், இன்னொரு தடவ ஏறி எறங்கற அலைச்சல்தான். ஏற்காடு எக்ஸ்பிரஸ்ல லோயர் பெர்த்ல போய் சொந்தக்காரங்க வீட்ல ஒரு நாள் படுத்து எந்திரிச்சு மறுநாள் கெளம்புங்க, தூக்கம் கெட்ட உடம்போட ஏறக் கூடாது.

தனியா மட்டும் அனுப்பிடாதீங்கம்மா. நீங்க போங்க, இல்ல இங்கிலீஷ்ல நாலு வார்த்தை பேசத் தெரிஞ்ச யாராவது கூட போகட்டும். இன்ஹேலரும், அதுல மாட்டி இழுக்கற குழாயான ஸ்பேசரும் கைப்பையில, பெட்டி தொலைஞ்சாலும் இது தொலையக் கூடாது. ஸ்பேசர் போட்டு ஒழுங்கா இழுத்தா நெபுலைசர் அளவுக்கு வேலை செய்யும், மெஷின தூக்கிட்டு அலைய வேண்டியதில்ல. மருந்து மூணு மாசத்துக்கு, இங்கிலீஷ்ல மருந்தோட ஜெனரிக் பேரு போட்ட லெட்டரோட, ஆஸ்திரேலியாவுல அந்த அளவு வரைக்கும் சொந்த உபயோகத்துக்கு விடுவாங்க. சளி முத்துனா ஆரம்பிக்க ஸ்டீராய்டு மாத்திரையும் ஆன்டிபயாட்டிக்கும், எப்ப போடணும்னு எழுதி வாங்கி வெச்சுக்கோங்க. ஏறறதுக்கு முன்னாடி சுண்டல், கெழங்கு, சோடா வேணாம், வயித்துல இருக்கற காத்தும் மேல போனா விரிஞ்சு நெஞ்ச அமுக்கும். தூக்க மாத்திரை கண்டிப்பா கூடாது. நடைபாதை ஓரமா டாய்லெட் பக்கத்துல சீட், டாய்லெட் போகும்போதும் ஆக்ஸிஜன கழட்டாதீங்க, அந்த பத்து அடி நடையிலதான் ரொம்ப எறங்கும். மணிக்கு ஒரு தடவ கணுக்கால ஆட்ட சொல்லுங்க, ரத்தக்கட்டு வராம இருக்க.

ஜூலைன்னா மெல்போர்ன்ல குளிர்காலம், ஃப்ளூ காலம். கெளம்ப ரெண்டு வாரம் முன்னாடியாவது ஃப்ளூ ஊசி, இதுவரைக்கும் போட்டதில்லன்னா நிமோனியாவுக்கான நிமோகாக்கல் ஊசியும், அதோட கக்குவான் இருமலுக்கான டிடாப் ஊசியும், அது கொழந்தைய பாத்துக்கப் போறவங்க எல்லாருக்கும், உங்களுக்கும் சேத்து. இன்சூரன்ஸ்லயும் சி.ஓ.பி.டி-ய மறைக்காதீங்க, மறைச்சா பணம் வராது, முன்னாடியே இருக்கற வியாதிக்கு கவர் ஆகற பாலிசியான்னு கேட்டு எடுங்க. பிரசவ லேகியம், பொடி ஐட்டம் எது கொண்டு போனாலும் அங்க எறங்கும்போது பயணிங்க நிரப்பிக் குடுக்கற கார்டுல எழுதி காட்டுங்க.

தங்கச்சிகிட்டயும் நீங்களே பேசுங்க. அம்மா வந்து எல்லாத்தையும் பாத்துக்குவாங்கன்னு அவ நெனைச்சிருப்பா. புள்ளைய மடியில வெச்சுக்கறது, தாலாட்டறது, பக்கத்துல உக்காந்து தைரியம் சொல்றது, பத்தியத்துக்கு என்ன சமைக்கணும்னு சொல்லித் தர்றது, இதெல்லாம் அம்மா பண்ணுவாங்க. ராத்திரி முழிக்கறதும் துணி தொவைக்கறதும் மாப்பிள்ளை பாத்துக்கணும். கொழந்தைய குளிப்பாட்டிட்டு சாம்பிராணி பொக மட்டும் வேணாம், முப்பது வருஷம் விறகுப் பொக தின்ன நுரையீரலுக்கும் ஆகாது, பொறந்த நுரையீரலுக்கும் ஆகாது. கடையில இன்னும் விறகடுப்பு எரியுதுன்னா அத இன்னைக்கே நிறுத்திட்டு கேஸுக்கு மாத்துங்க, ஊருக்கு கெளம்பற வரைக்கும் காத்திருக்காதீங்க.

திரும்பி வரும்போதும் இதே ஃபார்ம், இதே அனுமதி, பொதுவா எல்லாம் புதுசா வாங்கணும், போகும்போது வாங்குனது செல்லும்னு நம்பாதீங்க. அங்க ஒரு ஜி.பி-கிட்ட, அதாவது குடும்ப டாக்டர்கிட்ட காட்டி ஃபார்ம நிரப்பி வாங்க தங்கச்சிய முன்னாடியே ஏற்பாடு பண்ண சொல்லுங்க. ஏ.பி.ஜி, நடை டெஸ்ட் ரிப்போர்ட் வந்ததும் எனக்கும் எழுதுங்க, பாத்து சொல்றேன்.